சாங்கி விமான நிலையத்துக்குள் நடப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் வழியாகப் புறப்படும் பெற்றோரும், முதன்முறையாகச் சிங்கப்பூருக்கே வரும் உறவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. பயணச்சீட்டின் விலையைப் பற்றியோ ஊர் சுற்றுவதைப் பற்றியோ இங்கே பேசவில்லை. விமானத்தின் கதவைத் தாண்டிய பிறகு, அடுத்த விமானம் வரையிலோ நிலையத்தின் வாசல் வரையிலோ எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் நடந்து போவது என்பதே இதன் பொருள். விமான நிறுவனங்கள் முனையம் மாறுவது உண்டு என்பதால், புறப்படும் நாளில் பயணச்சீட்டையும் அறிவிப்புத் திரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாங்கியில் எத்தனை முனையங்கள் இருக்கின்றன? எல்லாம் ஒரே கட்டடமா?

நான்கு இருக்கின்றன. முனையம் 1 1981-லும், முனையம் 2 1990-லும், முனையம் 3 2008-லும், முனையம் 4 2017-லும் செயல்படத் தொடங்கின. முதல் மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை; உள்ளேயிருந்தபடியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தோ ரயிலிலோ போய்விடலாம். நான்காவது தனியாகத் தள்ளி இருக்கிறது, அதற்குப் பேருந்துதான்.

எந்த முனையம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி, கேட் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்ப்பது. சி, டி என்றால் முனையம் 1. இ, எஃப் என்றால் முனையம் 2. ஏ, பி என்றால் முனையம் 3. ஜி என்றால் முனையம் 4. ஏ என்பது முதல் எழுத்தாயிற்றே, முனையம் 1 ஆகத்தான் இருக்கும் என்று எண்ணி எதிர்த்திசையில் நடந்துவிடுபவர்கள் நிறையப் பேர். எழுத்துகளை முனையங்கள் கட்டப்பட்ட வரிசையில் வைக்கவில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

கேட் வரை எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?

முனையத்தின் நடுக்கூடத்தை உள்ளங்கை என்று வைத்துக்கொண்டால், கேட்டுகள் அதிலிருந்து நீளும் விரல்களில் வரிசையாக இருக்கின்றன. கடைகள், உணவகங்கள், தகவல் மேசை எல்லாம் உள்ளங்கையில். விரலின் நுனிக்குப் போகப் போகக் கடைகள் குறைந்து, நீண்ட நடைபாதையும் இருபுறமும் கண்ணாடியும்தான் மிஞ்சும். எனவே முனையம் 1-இல் டி 40-க்கு மேற்பட்ட எண்ணோ, முனையம் 2-இல் எஃப் 50-க்கு மேற்பட்ட எண்ணோ கிடைத்தால், நடுக்கூடத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையை ஒதுக்கி வையுங்கள். குழந்தையோ வயதானவரோ உடன் இருந்தால் அதையும் இரட்டிப்பாக்குவதே உசிதம்.

வழியெங்கும் நகரும் நடைபாதைகள் உண்டு. அவற்றில் நிற்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பதும், அவசரமாகப் போகிறவர்கள் வலப்பக்கமாக நடந்து கடப்பதும் சிங்கப்பூரின் வழக்கம், மின்படிகளிலும் அப்படியே. குடும்பமாகச் சேர்ந்து பேசிக்கொண்டே நடைபாதையின் முழு அகலத்தையும் அடைத்து நின்றால் யாரும் சத்தம் போட மாட்டார்கள், ஆனால் பின்னால் ஒருவர் பொறுமையிழந்து நின்றுகொண்டிருப்பார்.

இமிக்ரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் பையை யாரும் சோதிக்கவில்லையே? எதையாவது தவறவிட்டுவிட்டேனா?

இல்லை. சாங்கியைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சென்னையிலும் திருச்சியிலும் இமிக்ரேஷனை ஒட்டியே பாதுகாப்புச் சோதனையும் முடிந்துவிடும். அதன்பின் கேட்டில் போர்டிங் பாஸைக் காட்டி ஏறுவதுதான் மிச்சம். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு கேட்டின் முகப்பிலும் தனித்தனியாக எக்ஸ்ரே இயந்திரமும் சோதனையாளர்களும் இருக்கிறார்கள். இமிக்ரேஷனைத் தாண்டியதும் நீங்கள் நுழைவது ஒரு பெரிய பொதுக்கூடம்; அங்கே புறப்படுகிறவர்கள், அப்போதுதான் வந்து இறங்கியவர்கள், விமானம் மாறுகிறவர்கள் எல்லோரும் கலந்தே நடக்கிறார்கள். வந்திறங்கியவர் வேறொரு நாட்டில் எப்படிச் சோதிக்கப்பட்டார் என்பதைச் சாங்கி கணக்கில் கொள்வதில்லை. விமானத்தில் ஏறப்போகும் ஒவ்வொருவரையும் ஏறுவதற்குச் சற்று முன்னால் தானே சோதித்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டினால்தான் மூன்று முனையங்களிலும் தடையில்லாமல் சுற்றிவர முடிகிறது.

அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. வரிசை உங்களுக்கு முன்னதாகவே முடிந்துவிடவில்லை, கேட்டில் காத்திருக்கிறது. முந்நூறு பேர் ஏறும் விமானத்துக்கு இரண்டொரு இயந்திரங்களின் முன்னால் அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். கேட் மூடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இந்தியப் பழக்கத்தில் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டின் வாசலில் இருங்கள்.

இன்னொன்று: சோதனை முடிந்து உள்ளே போனால் நீங்கள் இருப்பது அந்த ஒரு விமானத்துக்கான காத்திருப்பு அறை. பல கேட் அறைகளுக்குள் கழிவறை கிடையாது. வெளியே வந்தால் மீண்டும் வரிசையில் நின்று, மீண்டும் பெல்ட்டைக் கழற்றி, மீண்டும் சோதனைக்கு உட்பட வேண்டும். ஆகவே கேட்டுக்கு வெளியே, நடைபாதையிலேயே இருக்கும் கழிவறைக்குப் போய்விட்டு நுழைவதுதான் முறை. நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு இதைப் புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்.

அப்படியானால் கையில் தண்ணீர் பாட்டில், ஊறுகாய் எல்லாம் கொண்டுபோகலாமா?

கேட்டின் வாசல் வரை கொண்டுபோகலாம், அதற்குமேல் முடியாது. 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலத்தில் இருக்கும் எந்தத் திரவமும், திரவம் போன்றதும் அங்கே நிறுத்தப்படும். நம்முடைய ஊறுகாய், நெய், தொக்கு, சட்னி, மீன் குழம்பு அனைத்தும் இதில் அடக்கம். கெட்டியாக இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. அவற்றைச் செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள். தண்ணீரைக் குடித்துத் தீர்த்து, காலி பாட்டிலை மட்டும் கையில் வைத்திருங்கள். பொதுக்கூடத்தில் ஆங்காங்கே குடிநீர்க் குழாய்கள் உண்டு. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் தயக்கம் வேண்டாம். விமானத்துக்குள் மாத்திரை போட வேண்டியவர்கள், சோதனைக்குப் பிறகு கேட் அறைக்குள் குழாய் இருக்கிறதா என்று பார்த்து அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

வரியில்லாக் கடையில் வாங்கும் மது, வாசனைத் திரவியம் போன்றவற்றைக் கடைக்காரரே உறையிலிட்டு மூடித் தருவார். வீடு போய்ச் சேரும்வரை, வேறொரு விமானம் மாற வேண்டியிருந்தால் அதிலும் ஏறி முடிக்கும்வரை, அந்த உறையைப் பிரிக்கக் கூடாது.

ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போவது?

1, 2, 3 ஆகியவற்றுக்கிடையே ஸ்கைட்ரெயின் என்ற ஓட்டுநரில்லாச் சிறு ரயில் ஓடுகிறது. கட்டணம் இல்லை, சீட்டு இல்லை, சில நிமிடங்களுக்கு ஒன்று வரும். வெளிப்பகுதியில் இருப்பவர்களுக்கும் இமிக்ரேஷனைத் தாண்டியவர்களுக்கும் தனித்தனிப் பெட்டிகள் என்பதால், தவறுதலாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்விடுவோமோ என்ற கவலை வேண்டாம். நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை சில மணி நேரம் இந்த ரயில் ஓடுவதில்லை. நம் ஊர் விமானங்கள் சில அதிகாலையில்தான் வந்திறங்குகின்றன என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நேரத்தில் முனையம் 1 வழியாக நடந்தே கடந்துவிடலாம்.

ரயிலுக்காகக் காத்திருப்பதா, நடப்பதா என்று கேட்டால், கைப்பை இலேசாக இருந்து நேரமும் இருந்தால் நடப்பதையே சொல்வேன். மணிக்கணக்கில் உட்கார்ந்து வந்த கால்களுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

முனையம் 4-க்குப் போக வேண்டும் என்று பயணச்சீட்டில் இருக்கிறது. வித்தியாசம் உண்டா?

உண்டு. அங்கே ஸ்கைட்ரெயின் இல்லை, பேருந்துதான். ஏர்ஏஷியா, கேத்தே பசிபிக் போன்ற நிறுவனங்கள் அங்கிருந்து இயங்குகின்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அரை மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பாதுகாப்புச் சோதனையைப் பற்றிச் சொன்னதும் முனையம் 4-க்குப் பொருந்தாது. அங்கே நம் ஊரைப் போலவே எல்லோருக்கும் ஒரே இடத்தில் சோதனை முடிந்துவிடும். அதன்பின் கேட் வரை தடையில்லை. உள்ளே பழைய சிங்கப்பூரின் பெரனாக்கான் (சீன, மலாய் மரபுகள் கலந்த சமூகம்) கடைவீடுகளைப் போல ஒரு முகப்பு வரிசையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். முனையம் சிறியது, நடை குறைவு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான்கிலும் இதுவே உகந்தது என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரில் விமானம் மட்டும் மாறுகிறேன். இறங்கியதும் எந்தப் பக்கம் போக வேண்டும்?

முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: உங்கள் இரண்டு பயணங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்கின்றனவா? ஒரே சீட்டாக இருந்து, அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸையும் புறப்பட்ட ஊரிலேயே தந்திருந்தால், இறங்கியதும் வேலை மிகவும் குறைவு. விமானத்திலிருந்து வெளியே வந்தவுடன் தென்படும் திரையில் அடுத்த விமானத்தின் எண்ணைத் தேடி, கேட் எழுத்தைப் பார்த்து, அந்த முனையத்தை நோக்கி நடக்க வேண்டியதுதான். பெட்டி தானாகவே போய்ச் சேரும். இமிக்ரேஷன் வேண்டாம், சிங்கப்பூருக்குள் நுழைபவர்கள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையும் வேண்டாம். போர்டிங் பாஸ் கையில் இல்லாதவர்கள் பொதுக்கூடத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் மேசைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: பயணிகள் இறங்கி நடக்கும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் அது உங்களை வருகை இமிக்ரேஷனுக்குத்தான் கொண்டுபோய்விடும். நீங்கள் பார்த்து நடக்க வேண்டியது உங்கள் கேட் எழுத்தைக் காட்டும் பலகையை.

தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகள் என்றால் நிலைமை வேறு. முதல் விமானத்தில் ஏற்றிய பெட்டி சிங்கப்பூரில் இறக்கப்பட்டு, அதை எடுக்க நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டியிருக்கலாம். இந்தியக் குடிமக்கள் நுழைய விசா வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு நிறுவனங்களில் சீட்டு வாங்கிவிட்டு, விசா இல்லாமல் புறப்படுபவர்கள் சென்னையிலேயே தடுக்கப்படக்கூடும். வாங்குவதற்கு முன்பே இரு நிறுவனங்களிடமும் பெட்டி மாற்றித் தரப்படுமா என்று கேட்டுவிடுங்கள்.

விமானம் மாறும் இடைவேளையில் ஜுவல் அருவியைப் பார்க்க முடியுமா?

அருவி இருக்கும் ஜுவல் என்ற கட்டடம், இமிக்ரேஷனுக்கு அப்பால் வெளிப்பகுதியில் இருக்கிறது. அதற்குள் போக வேண்டுமானால் இமிக்ரேஷனைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் நுழைந்து, திரும்பும்போது மீண்டும் இமிக்ரேஷனைக் கடந்து உள்ளே வர வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருந்து அந்நாட்டுக்குப் போகிற அல்லது அங்கிருந்து திரும்புகிற இந்தியக் குடிமக்களுக்கு, நிபந்தனைகளின் பேரில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் நுழையும் வசதி உண்டு. அனுமதிப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு.

நுழைய முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. முனையம் 2-க்கும் 3-க்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜுவலின் கண்ணாடிக் கூரைக்குள்ளேயே புகுந்து போகிறது. 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைச் சில நொடிகள் சன்னல் வழியாகக் காணலாம். போகும்போது பார்க்கத் தவறினால் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், ரயிலுக்குத்தான் காசில்லையே.

ஜுவலுக்குள் போவதாக இருந்தால் இடைவேளை ஐந்து மணி நேரமாவது இருக்கட்டும். 2019-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. முனையம் 1-இன் பழைய கார் நிறுத்துமிடம் இருந்த நிலத்தில் எழுந்தது. கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். அருவியைச் சுற்றி மரங்கள் அடர்ந்த படிக்கட்டுத் தோட்டத்தில் ஏறி இறங்கினால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இரண்டு மணி நேர இடைவேளையில் ஓடிப்போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவது ஆபத்தான விளையாட்டு.

வெளியே போக முடியாது, நாலைந்து மணி நேரம் இருக்கிறது. உள்ளேயே நடந்து பார்க்கத் தகுந்தவை எவை?

முதலில் உங்கள் கேட் எங்கே என்று கண்டுபிடியுங்கள், பிறகு சுற்றுங்கள். அதன்பின் என் சிபாரிசு முனையம் 3-இன் பட்டாம்பூச்சித் தோட்டம். இரண்டு தளங்களாக, ஒரு சிறு அருவியோடு, கம்பிவலைக் கூரைக்குள் இருக்கிறது. கதவைத் திறந்ததும் குளிரூட்டிய காற்று போய், ஊரின் உண்மையான வெக்கை முகத்தில் அடிக்கும். கண்ணாடி அணிந்தவர்களுக்கு ஆவி படர்ந்து சில நொடிகள் ஒன்றும் தெரியாது. அன்னாசிப்பழத் துண்டுகளின் மேல் பூச்சிகள் வந்து அமர்வதைக் கை தொடும் தூரத்தில் பார்க்கலாம். பகலில் போனால்தான் பயன். இருட்டிய பிறகு அவை இலைகளுக்கடியில் அடங்கிவிடும்.

முனையம் 1-இல் கள்ளித் தோட்டமும் அல்லிக் குளமும், முனையம் 2-இல் மொட்டைமாடியில் சூரியகாந்தித் தோட்டமும் உண்டு. சூரியகாந்திகளை விட, அங்கிருந்து விமானங்கள் நகர்வதைப் பார்ப்பதே எனக்குப் பிடித்தது. முனையம் 2 கொரோனாக் காலத்தில் 2020 மே மாதம் மூடப்பட்டு, விரிவாக்கப்பட்டு, 2023-இல் முழுமையாகத் திரும்பவும் திறக்கப்பட்டது. அப்போது உள்ளே அமைத்த ட்ரீம்ஸ்கேப் என்ற தோட்டத்தில் செடிகள் உண்மையானவை, மேலே தெரியும் வானம் திரை. பழைய முனையத்தை அறிந்தவர்களுக்கு இது வேறு இடமாகத் தெரியும்.

முனையம் 3-இல் தலை நிமிர்ந்து கூரையையும் பாருங்கள். 919 கூரைச்சன்னல்கள் வழியாகப் பகல் வெளிச்சம் தரைவரை இறங்குமாறு அமைத்திருக்கிறார்கள். நேரம் வேறான ஊரிலிருந்து வந்து, உடம்பு இரவா பகலா என்று குழம்பியிருக்கும் பயணிக்கு இந்த வெளிச்சம் செய்யும் உதவி பெரிது.

முனையம் 1-இன் செக்-இன் கூடத்தில் 1,216 செம்பு நிற உலோகத் துளிகள் கம்பிகளில் தொங்கி, மேலும் கீழும் அசைந்து பல உருவங்களாக மாறும் ஒரு சிற்பம் 2012 முதல் இருக்கிறது. முனையம் 1-இலிருந்து புறப்படுகிறவர்கள் இமிக்ரேஷனுக்குள் நுழையும் முன்பே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. திருச்சி, கோவை விமானங்களை இயக்கும் ஸ்கூட் நிறுவனத்தின் செக்-இன்னும் அங்கேதான்.

அம்மாவுக்கு நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் சக்கர நாற்காலி என்றால் கூச்சப்படுகிறார். என்ன செய்வது?

கூச்சத்தைப் பார்க்காதீர்கள். சக்கர நாற்காலி உதவி என்பது நடக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் உரியதல்ல. விமான நிறுவனங்கள் இதை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன: படியேற முடியும், நீண்ட தூரம்தான் நடக்க முடியாது என்பவர்கள்; படியும் ஏற முடியாதவர்கள்; இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவர்கள். முதல் வகைக்கு டபிள்யூசிஎச்ஆர் என்று குறியீடு. முழங்கால் தேய்மானம் உள்ள நம் வீட்டுப் பெரியவர்களில் பெரும்பாலோர் இந்த வகையில்தான் வருவார்கள்.

சீட்டு எடுக்கும்போதே, இல்லாவிட்டால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது விமான நிறுவனத்திடம் பதிவுசெய்யுங்கள். அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாமல் தனியாக வரும் பெற்றோருக்கு இதில் இன்னொரு நன்மை: உதவியாளர் கேட் வரை கூடவே வருவதால், பலகை படிக்கத் தெரியவில்லையே என்ற அச்சமும் நீங்கும். இறங்கியதும் எழுந்து கூட்டத்தோடு நடந்துவிடாமல், எல்லோரும் இறங்கும்வரை இருக்கையிலேயே இருக்கச் சொல்லுங்கள். அம்மா தானாக நடந்து போய்விட்டால் உதவியாளர் நாற்காலியோடு அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்.

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. நிலையத்தில் வேலை செய்பவர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயங்காமல் தமிழிலேயே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த விமானத்தின் எண், கேட், உங்கள் தொலைபேசி எண் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துவிட்டால் மீதியை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தள்ளுவண்டிக்குக் காசு கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். கைப்பிடியை அழுத்திப் பிடித்துத் தள்ளினால் நகரும், விட்டால் நின்றுவிடும். தரையில் கம்பளம் விரித்த பகுதிகளில் உங்கள் பெட்டியின் சிறு சக்கரங்கள் நன்றாக ஓடாது, வண்டியில் ஏற்றிவிடுங்கள். தளம் மாற மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள்.

இரவு முழுக்க உள்ளே தங்க வேண்டியிருக்கிறது. படுக்க இடம் உண்டா?

மூன்று முனையங்களிலும் சாய்ந்து உறங்கும் இருக்கைகள் கொண்ட ஓய்விடங்கள் கட்டணமில்லாமல் இருக்கின்றன. இரவு பத்து மணிக்குமேல் இடம் கிடைப்பது கடினம். குளிர் அதிகம்; சால்வை கையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். காசு கொடுத்துத் தூங்க விரும்புகிறவர்களுக்கு உள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டிரான்ஸிட் ஹோட்டல்கள் உண்டு. கைப்பேசியில் அலாரம் வையுங்கள்; விமானம் ஏற உங்களை யாரும் வந்து எழுப்பப் போவதில்லை.

சிங்கப்பூருக்கே வருகிறேன். இறங்கியதிலிருந்து வாசல் வரை என்னென்ன கட்டங்கள்?

வந்து சேரும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை; கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல. இறங்கியதும் பொதுக்கூடத்தில் கொஞ்ச தூரம் நடந்து, கீழ்த்தளத்தில் இமிக்ரேஷன். தானியங்கித் தடத்தில் பாஸ்போர்ட்டை வைத்து, முகத்தையும் கேட்கும் பிற அடையாளங்களையும் காட்டினால் கதவு திறக்கும். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். எனவே வருகை அட்டையில் மின்னஞ்சல் முகவரியைச் சரியாகக் கொடுப்பது முக்கியம்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் வழியில் சுங்கத்துறையின் சிவப்பு, பச்சைத் தடங்கள் இருக்கும். சிகரெட்டுக்கு வரிவிலக்கு அறவே இல்லை. ஒரு பாக்கெட் இருந்தாலும் சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் கொண்டுவரவே கூடாது. ஊரில் கடைக்குக் கடை தொங்கும் புகையிலைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் மறந்து வைத்திருக்கும் மாமாவிடம் ஏறும் முன்பே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

அங்கிருந்து எம்ஆர்டி என்ற நகர ரயிலுக்கு எப்படி நடப்பது?

நிலையம் முனையம் 2-க்கும் 3-க்கும் அடியில் இருக்கிறது. அவ்விரண்டில் இறங்கினால் பலகையைப் பார்த்துக் கீழே இறங்கிக்கொண்டே போனால் போதும். முனையம் 1-இல் இறங்கியவர்கள் ஸ்கைட்ரெயினில் வரலாம், அல்லது ஜுவல் வழியாக நடக்கலாம். நடந்தால் அருவியையும் பார்த்தாயிற்று. லிட்டில் இந்தியாவுக்கோ நகரின் பிற பகுதிகளுக்கோ போக வழியில் ரயில் மாற வேண்டியிருக்கும். நள்ளிரவுக்குச் சற்று முன்பே ரயில் நின்றுவிடுகிறது. அதன்பின் வாடகைக் கார்தான்.

ஜிஎஸ்டி வரியைத் திரும்பப் பெற எங்கே போக வேண்டும்?

இங்கே எதை முதலில் செய்வது என்பது முக்கியம். சுற்றுலாப் பயணிகள், இத்திட்டத்தில் சேர்ந்த கடைகளில் குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியிருந்தால், கட்டிய வரியைக் கேட்டுப் பெறலாம். வாங்கிய பொருளைச் செக்-இன் பெட்டியில் போடப்போகிறீர்கள் என்றால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே வெளிக்கூடத்தில் உள்ள இயந்திரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். நகை போலக் கையில் கொண்டுபோகும் பொருளுக்கு இமிக்ரேஷனைத் தாண்டி உள்ளே இருக்கும் இயந்திரத்தில் விண்ணப்பிக்கலாம். பெட்டி போனபிறகு நினைவு வந்து பயனில்லை. சேலையையும் மின்பொருளையும் வாங்கிக் குவித்தவர்கள் இதற்கென்றே அரை மணி நேரம் முன்னதாக வருவது நல்லது.

அம்மாவை வழியனுப்பக் கேட் வரை போக, மலிவான ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு நானும் உள்ளே வரலாமா?

வரக் கூடாது. பயணம் செய்யும் எண்ணம் இல்லாமல் போர்டிங் பாஸைக் காட்டி உள்பகுதிக்குள் நுழைவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம், கைதாகிறவர்களும் உண்டு. அபராதம் 20,000 வெள்ளி வரையிலும் சிறை இரண்டாண்டு வரையிலும் போகலாம். பாசம் காரணமாகச் செய்தேன் என்பதோ, சீட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்பதோ இதில் செல்லாது. இமிக்ரேஷன் வாசலில் விடைபெற்றுக்கொள்ளுங்கள். அதற்குமேல் துணை தேவை என்றால் மேலே சொன்ன உதவியாளர் ஏற்பாடுதான் வழி.

முனையம் 5 வந்துவிட்டால் இவை எல்லாம் மாறிவிடுமா?

அதற்கு நாளிருக்கிறது. 2025 மே மாதம் பணி தொடங்கியது. 2030-களின் நடுப்பகுதியில் திறக்கத் திட்டம். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவுக்குக் கட்டப்படுகிறது என்பதால், நடை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஊருக்குத் திரும்பும் விமானத்தில் கேட் முன்னால் எப்போதும் பெரிய கூட்டமாக இருக்கிறதே, முன்பே போய் நிற்க வேண்டுமா?

திருச்சி, சென்னை, கோவை விமானங்களுக்குக் கேட் திறக்கும் முன்பே வரிசை நடைபாதை வரை நீண்டுவிடுவது உண்மை. இருக்கை எண் ஏற்கெனவே தரப்பட்டுவிட்டதால் முந்திக்கொண்டு நின்று அடையப்போவது ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வார்கள். சோதனை கேட்டிலேயே நடக்கும் நிலையத்தில் அந்த வாதம் பாதிதான் சரி: வரிசையின் வாலில் நிற்பவருக்குத் தலைக்கு மேலே பை வைக்க இடம் கிடைக்காது. எடையையும் கேட்டில் பார்க்கலாம். ஸ்கூட்டில் சாதாரண வகுப்புப் பயணி கையில் கொண்டுபோக 10 கிலோ வரைதான் அனுமதி; வரியில்லாக் கடையில் கடைசி நேரத்தில் வாங்கிய சாக்லேட் பைகளும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படலாம். கடைக்குள் நுழையும்போதே பையின் எடை மனத்தில் இருக்கட்டும். கழிவறைக்குப் போய்வந்து, பாட்டிலைக் காலி செய்து, சட்டைப்பையில் இருக்கும் சில்லறை, சாவி, கைப்பேசி எல்லாவற்றையும் கைப்பைக்குள் போட்டுவிட்டு வரிசையில் சேருங்கள். தட்டின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் உங்களையே பார்ப்பார்கள்.